நம் வார்டுப் பூங்கா: தன்னார்வலர்கள் முதலில் எதைக் கையில் எடுக்க வேண்டும்?

தென்சென்னைவாசி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்பை ஒட்டி மாநகராட்சிப் பூங்கா ஒன்று இருக்கிறது. ஒரு ஏக்கருக்கும் சற்றுக் குறைவான இடம்தான். ஆனால் சுற்றியுள்ள எட்டுப் பத்துத் தெருக்களுக்கு அதை விட்டால் வேறு பசுமை கிடையாது. 2016 டிசம்பரில் வர்தா புயல் வீசியபோது அங்கிருந்த மயில்கொன்றைகளும் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரமும் வேரோடு சாய்ந்தன. அவை நின்ற இடம் இன்றுவரை வெயிலில் காய்ந்து கிடக்கிறது. அண்மையில் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தில், பூங்காவுக்கென்று தன்னார்வக் குழு ஒன்று அமைக்கலாம் என்று பேச்சு எழுந்தது. பலரும் ஆர்வத்தோடு பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

சுற்றுச்சுவருக்கு ஓவியம் தீட்டுவது, ஒரே நாளில் நூறு மரக்கன்றுகள் நடுவது, நுழைவாயிலில் நீரூற்று வைப்பது ஆகிய மூன்று யோசனைகளுக்குக் கூட்டத்தில் ஆதரவு மிகுதியாக இருந்தது. எனக்கு இவற்றில் மனம் ஒட்டவில்லை. வடக்கு மூலையில் நிற்கும் பூவரசுக்குக் கன்றாக இருந்தபோது போட்ட இரும்புக் கூண்டு இன்னும் கழற்றப்படவில்லை. அதன் வளையம் பட்டைக்குள் இறங்கி, அதற்கு மேலும் கீழும் தண்டு வீங்கியிருக்கிறது. நடைபாதைக் கல் பதித்தவர்கள் வேம்பின் அடித்தண்டு வரை சிமெண்டு பூசிவிட்டுப் போயிருக்கிறார்கள். உதிரும் இலைகளெல்லாம் பின்மதிலோரம் குவிக்கப்பட்டு எரிக்கப்படுகின்றன. அங்கே நிற்கும் புங்கத்தின் ஒரு பக்கப் பட்டை கருகி வெடித்திருக்கிறது. இருப்பவற்றை இந்த நிலையில் விட்டுவிட்டுப் புதிதாக நூறு கன்றுகளை நடுவது நியாயமாகப் படவில்லை. முதல் ஓராண்டுக்குப் புதிதாக எதையும் வைக்காமல், நிற்கும் மரங்களையும் மண்ணையும் பேணுவதையே குழுவின் வேலையாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். இத்தகைய பணியில் பழக்கம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மண்ணும்மரமும்

உங்கள் எண்ணம் முற்றிலும் சரி என்பதே என் கருத்து. நீங்கள் குறிப்பிட்ட மூன்று குறைகளையும் அதிகச் செலவில்லாமல் சீர்செய்யலாம். ஆனால் ஒவ்வொன்றிலும் கவனம் தேவை.

பூவரசின் கூண்டைப் பிடித்து இழுக்க வேண்டாம். வெளியே தெரியும் கம்பிகளை இரும்பறுக்கும் வாளால் துண்டு துண்டாக அறுத்து எடுங்கள். பட்டைக்குள் புதைந்துவிட்ட பகுதியைத் தோண்டி எடுக்க முயன்றால் காயம் பெரிதாகும். அதை அப்படியே விட்டுவிட்டால் மரம் தன் போக்கில் மூடிக்கொள்ளும். மற்ற மரங்களில் கூண்டு இறுகத் தொடங்கியிருக்கிறதா என்பதையும் அன்றே பார்த்துவிடுவது நல்லது.

வேம்பைச் சுற்றியுள்ள சிமெண்டை உளியும் சுத்தியலும் கொண்டு கையால்தான் உடைக்க வேண்டும். இயந்திரம் வைத்து உடைத்தால் மேலாக ஓடும் வேர்கள் சிதைந்துவிடும். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குக் காங்கிரீட்டை அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் தில்லியின் மரங்கள் தொடர்பாக உத்தரவிட்டது. அந்த அளவையே நீங்களும் மாநகராட்சியிடம் முன்வைக்கலாம். உடைத்த இடத்தில் செம்மண்ணும் மட்கிய எருவும் கலந்து நிரப்புங்கள். ஆனால், அடித்தண்டு விரிந்து வேராக மாறும் இடம் வெளியே தெரிய வேண்டும். அதையும் சேர்த்து மூடிவிட்டால் ஈரம் தங்கிப் பட்டை அழுகும்.

இலைகளை எரிப்பதை உடனே நிறுத்த வேண்டும். பூங்காவில் சேரும் தாவரக் கழிவுகளை இயன்றவரை பூங்காவுக்குள்ளேயே பதப்படுத்த வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே உள்ளாட்சிகளுக்குக் கடமை விதித்தன. நிழலான மூலையில் கம்பி வலையை வட்டமாக நிறுத்தி அதற்குள் சருகைக் கொட்டி மிதித்து, அடுக்குக்கு அடுக்கு சாணக் கரைசல் தெளித்து, காயாமல் ஈரம் காத்து, அவ்வப்போது கிளறிவிட்டால் சில மாதங்களில் கறுத்து உதிரும் மட்கு கிடைக்கும். கையில் அள்ளினால் மழை நனைத்த மண்ணின் வாசம் வர வேண்டும். அழுகல் நாற்றம் வந்தால் நீர் கூடிவிட்டது என்று பொருள், அப்போது உலர்ந்த சருகைச் சேர்த்துக் கிளறுங்கள். எல்லாச் சருகையும் மட்காக்க வேண்டியதில்லை. ஒரு பகுதியை மரத்தடிகளில் மூன்று நான்கு அங்குல உயரத்துக்கு மூடாக்காகப் பரப்பலாம். தண்டைத் தொடாமல் ஒரு சாண் இடைவெளி விட்டுப் பரப்புங்கள். சித்திரை வெயிலில் மூடாக்கு உள்ள இடத்தையும் இல்லாத இடத்தையும் விரலால் தோண்டிப் பார்த்தால், அதன் அருமை குழுவில் உள்ள அனைவருக்கும் விளங்கிவிடும்.

மாலைநடை

நீங்கள் இருவரும் சொல்வதில் உள்ள பயனை நான் மறுக்கவில்லை. ஆயினும் சுவரோவியத்தை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பகுதியில் குப்பை கொட்டப்பட்டுக் கிடந்த பூங்காச் சுவரில் பள்ளிப் பிள்ளைகள் ஓவியம் தீட்டிய பிறகே அக்கம்பக்கத்தவர் பூங்காவுக்குள் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். மட்குக் குழியைப் பார்த்து எவரும் குழுவில் சேர்வதில்லை. ஒரு நாள் விழாவுக்கு வருபவர்களில் பத்தில் ஒருவராவது மறு வாரமும் வந்தால் அது ஆதாயம்தான். மக்கள் வராத பூங்காவில் மரங்கள் மட்டும் செழிப்பது போதுமா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஓய்வுபெற்றதோட்டப்பணியாளர்

பூங்காப் பராமரிப்பில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். இதுவரை பேசியவர்களில் எவரும் அந்தப் பூங்காவில் நாள்தோறும் வேலை செய்யும் பணியாளரைப் பற்றிக் கேட்கவில்லை.

தண்ணீர்க் குழாயின் வால்வு எங்கே புதைந்திருக்கிறது, எந்தப் பக்கம் மழைநீர் தேங்கும், எந்த மரத்தில் கரையான் ஏறுகிறது, இரவில் யார் வந்து கம்பியைப் பெயர்க்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். பெரும்பாலும் அவர் ஒப்பந்ததாரரின் கீழ்க் குறைந்த கூலிக்கு வேலை செய்பவராக இருப்பார். இலையை அவர் எரிக்கிறார் என்றால், அள்ளிச் செல்ல வண்டி வரவில்லை, கொட்ட இடம் இல்லை, மேற்பார்வையாளர் வரும்போது தரை துப்புரவாக இருக்க வேண்டும் என்ற நெருக்கடிதான் காரணமாக இருக்கும். தன்னார்வலர்கள் வந்து அவரைக் குற்றவாளியாக நிறுத்திப் படம் எடுத்துப் போட்டால், அந்தப் பூங்காவில் உங்களுக்கு இருக்கக்கூடிய மிகச் சிறந்த துணையை இழந்துவிடுவீர்கள்.

இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. பெருக்குவதும் தண்ணீர் பாய்ச்சுவதும் கூலி கொடுத்துச் செய்விக்க வேண்டிய வேலைகள். அவற்றைத் தன்னார்வலர்கள் முழுமையாக எடுத்துக்கொண்டால், ஆளைக் குறைக்க அதுவே சாக்காகிவிடும். ஆகவே பணியாளரின் வேலை எது, குழுவின் வேலை எது என்று முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். மட்கு தயாரிப்பது, மரங்களைக் கணக்கெடுத்துக் கண்காணிப்பது, அயல் களைகளைப் பிடுங்குவது, கன்றுகளுக்கு ஊன்றுகோல் கட்டுவது போன்றவை ஒப்பந்தத்தில் பெரும்பாலும் இடம்பெறாதவை. குழு அவற்றை ஏற்கலாம். அவருக்குக் கையுறையும் நல்ல அரிவாளும் இல்லையென்றால், குழுவின் முதல் செலவு அதுவாக இருக்கட்டும்.

நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் 1970-களில் சீரழிந்து கிடந்தது. அதை மீட்க 1980-இல் தொடங்கப்பட்ட அமைப்பு, 843 ஏக்கர் பரப்பைப் பிற்பாடு 49 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தோட்டக்காரரைப் பொறுப்பாக்கியது. தன்னார்வலர்கள் அவரோடு சேர்ந்து வேலை செய்கிறார்கள். அவ்வளவு பணம் நம்மிடம் இல்லை. ஆனால் இன்ன இடத்துக்கு இன்னார் பொறுப்பு என்று வகுத்துக்கொள்ளப் பணம் தேவையில்லை.

பெங்களூர்த்தமிழர்

ஐயா எழுதியதை அப்படியே வழிமொழிகிறேன். நான் வசிக்கும் ஊரிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. ஜே.பி. நகர் அருகே உள்ள புட்டேனஹள்ளி ஏரி, பூங்காவைப் போலவே அக்கம்பக்கத்தவர் நடக்கவும் இளைப்பாறவும் வரும் இடம். அதைக் காக்க அங்குள்ள குடியிருப்பாளர்கள் 2010-இல் அறக்கட்டளை ஒன்றைப் பதிவு செய்து, 2011-இல் பெங்களூர் மாநகராட்சியோடு பராமரிப்புக்கான புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அதிகாரிகள் மாறிக்கொண்டே இருப்பார்கள். வாய்மொழியாகக் கிடைத்த இசைவு அதைத் தந்த அதிகாரியோடு போய்விடும்; எழுத்தில் உள்ளது அடுத்தவருக்கும் செல்லும். உங்கள் குழுவும் எந்த வேலைக்கு முன் அனுமதி வேண்டும், எதைத் தானே செய்துகொள்ளலாம், தண்ணீரும் மின்சாரமும் யார் பொறுப்பு என்பவற்றை ஒரு பக்கத்திலாவது எழுதிக் கையொப்பம் பெற்றுக்கொள்ளுங்கள்.

சட்டம்படித்தவர்

எழுத்து ஒப்பந்தம் குறித்து மேலே சொன்னதோடு சில விவரங்களைச் சேர்க்கிறேன்.

முதலில் பூங்கா நிலத்தின் நிலையைத் தெரிந்துகொள்ளுங்கள். சென்னையின் சிறு பூங்காக்கள் பலவும் மனைப்பிரிவு அங்கீகாரத்தின்போது திறந்தவெளி ஒதுக்கீடாக ஒப்படைக்கப்பட்டவை. இப்போது நடைமுறையில் உள்ள 2019-ஆம் ஆண்டின் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் 10 விழுக்காட்டை இவ்வாறு தானமாக ஒப்படைத்தே ஆக வேண்டும். உங்கள் பூங்கா அத்தகைய நிலம் என்றால், அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் நகலைப் பெற்றுக் குழுவின் கோப்பில் வையுங்கள். பூங்காவின் ஓரத்தில் நாளை ஒரு கட்டடம் எழும்பும் பேச்சு வந்தால் அந்த ஒரு தாள்தான் உங்களுக்குத் துணை நிற்கும்.

பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைக் காக்க அக்கம்பக்கத்தவருக்கு உரிமை உண்டா என்ற ஐயம் பலருக்கு இருக்கிறது. பெங்களூரில் பூங்காவுக்காக ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்ததை எதிர்த்து அப்பகுதி மக்கள் தொடுத்த வழக்கில், 1991-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்று தீர்ப்பளித்ததோடு, வழக்குத் தொடுக்க அம்மக்களுக்கு உரிமை உண்டு என்பதையும் ஏற்றுக்கொண்டது. பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் எதிர் முத்தப்பா என்ற அந்தத் தீர்ப்பைக் குழுவில் ஒருவராவது படித்து வைத்திருப்பது நல்லது. மருத்துவமனையும் பொதுநலன்தானே என்ற வாதத்தை நீதிமன்றம் எவ்வாறு எதிர்கொண்டது என்பது அதில் தெளிவாக இருக்கிறது.

பேச வேண்டிய இடம் பகுதி சபை, அதாவது வார்டின் ஒரு பகுதியைச் சேர்ந்த மக்கள் கூடும் கூட்டம். வார்டு குழு, பகுதி சபை ஆகியவற்றுக்கான விதிகள் தமிழ்நாட்டில் 2022-இல் வந்தன. அவ்வாண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று, முதல் கூட்டங்கள் நடந்தன. உங்கள் கோரிக்கை அங்கே தீர்மானமாகப் பதிவானால், மாமன்ற உறுப்பினர் அதை மண்டல அலுவலகத்துக்குக் கொண்டு செல்வது எளிதாகும்.

ஒரு எச்சரிக்கை. பட்டுப்போனதாகத் தோன்றும் மரமாக இருந்தாலும் பெரிய கிளையைக் கூட அனுமதி இல்லாமல் வெட்டாதீர்கள். கவாத்து, அதாவது கிளை கழித்தல், தேவையென்று எழுத்தில் விண்ணப்பியுங்கள்.

மயிலைக்காரர்

நிறுவனத்தின் கையில் ஒப்படைத்துவிட்டால் இந்தச் சிரமமெல்லாம் இல்லையே என்று உங்கள் சங்கத்தில் எவரேனும் கேட்கக்கூடும். மயிலாப்பூர் லஸ் பகுதியில் உள்ள நாகேஸ்வரராவ் பூங்கா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வரராவ் அவர்களின் பெயர் தாங்கிய அந்தப் பூங்காவைச் சுந்தரம் ஃபைனான்ஸ் நிறுவனம் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒலிபெருக்கி இல்லாமல் இளம் பிள்ளைகள் பாடும் கச்சேரியும் அங்கே நடக்கிறது. சிறப்பான பணி என்பதில் ஐயமில்லை. ஆயினும் எல்லா வார்டுப் பூங்காவுக்கும் அப்படி ஒரு நிறுவனம் வாய்க்காது.

அதற்கு நேர் எதிரான வழியில் வளர்ந்தது கோட்டூர்புரம் மரப்பூங்கா. அடையாற்றங்கரையில் குப்பை கொட்டப்பட்டுக் கிடந்த அரசு நிலத்தில் 'நிழல்' அமைப்பினர் 2006 முதல் நம் மண்ணுக்குரிய மரங்களை நட்டு வளர்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் தன்னார்வலர்கள் வந்து களை எடுப்பதும் மூடாக்குப் போடுவதும் நீர் பாய்ச்சுவதுமாக அது காடாகத் திரண்டது. மாலைநடை அவர்கள் எழுப்பிய கேள்விக்கு அங்கே ஒரு விடை கிடைக்கிறது என்று நினைக்கிறேன். விழா இல்லாமலும் மக்கள் வந்தார்கள். வாரந்தோறும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் வேலை நடக்கும் என்ற உறுதி இருந்தால் புதியவர்கள் தயங்காமல் வந்து சேர்ந்துகொள்கிறார்கள். ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள்.

பகல்நேரப்பயனர்

மரம், மண், சட்டம் எல்லாவற்றையும் பேசினீர்கள். பூங்கா யாருக்குத் திறந்திருக்கிறது என்பதையும் பேச வேண்டும்.

சென்னையில் பல பூங்காக்கள் காலையில் சில மணி நேரமும் மாலையில் சில மணி நேரமும் மட்டுமே திறந்திருக்கின்றன. நடைப்பயிற்சிக்கு வருபவர்களுக்கு அது போதும். ஆனால் காலையில் ஒரு வீட்டிலும் மாலையில் இன்னொரு வீட்டிலும் வேலை செய்யும் பெண்களுக்கு இடைப்பட்ட வெயில் நேரத்தில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்க ஒரு நிழல் வேண்டும். உணவு கொண்டு செல்லும் இளைஞர்கள் வண்டியை நிறுத்திக் கால் நீட்டவும் கட்டுமானத் தொழிலாளர்கள் முகம் கழுவவும் இடமில்லை. எங்கள் பகுதியில் பூங்காவின் பூட்டிய கதவுக்கு வெளியே, நடைமேடையில், மதிலின் மெல்லிய நிழலுக்குள் கால்களை ஒடுக்கிக்கொண்டு பெண்கள் சாப்பிடுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். உள்ளே மர நிழல் ஆளில்லாமல் கிடக்கும்.

பகலில் திறந்தால் கண்டவர்கள் வருவார்கள், படுத்துத் தூங்குவார்கள், காதலர்கள் வருவார்கள் என்றெல்லாம் நலச் சங்கங்களில் எதிர்ப்பு எழும். தூங்குவது குற்றமில்லை. ஆள் நடமாட்டம் உள்ள பூங்காதான் பாதுகாப்பானது என்பதும் அன்றாடம் நாம் காண்பதே. தன்னார்வக் குழு அமைந்த பிறகு, குழுவினர் தங்களையே பூங்காவின் உரிமையாளர்களாகக் கருதி, புதிது புதிதாகத் தடைப் பலகைகள் வைத்த இடங்களும் உண்டு. ஆகவே, குழு மண்டல அலுவலகத்துக்கு எழுதும் முதல் கடிதத்திலேயே பகலெல்லாம் திறந்து வைக்கும் கோரிக்கையும், குடிநீரும் கழிப்பறையும் சேரட்டும். குழுவில் அந்தத் தெருக்களில் வேலை செய்பவர்களுக்கும் இடம் கொடுங்கள்.

மாலைநடை

மக்கள் வர வேண்டும் என்று நான் சொன்னபோது இவர்களை நினைத்துச் சொல்லவில்லை. நீங்கள் சொல்வது மிகவும் தேவையான சேர்க்கை. ஓவியத்தைப் பற்றிய என் கருத்து மாறவில்லை என்றாலும், கதவு திறப்பதற்குப் பிறகே அது வரட்டும் என்று ஒப்புக்கொள்கிறேன்.

மண்ணும்மரமும்

புயலில் வெறுமையான இடத்தைப் பற்றித் தொடக்கத்தில் எழுதியிருந்தீர்கள். ஓராண்டு எதுவும் நட வேண்டாம் என்ற உங்கள் முடிவில் ஒரு சிறு திருத்தம் சொல்கிறேன். அந்த இடத்தின் மண்ணை இப்போதே கொத்தி, மட்குச் சேர்த்து, மூடாக்குப் போட்டு ஆற விடுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசியில், பேணக்கூடிய அளவுக்குச் சில கன்றுகளை மட்டும் நடலாம்.

வர்தாவில் சாய்ந்தவற்றில் மயில்கொன்றை, இயல்வாகை, தூங்குமூஞ்சி போன்ற அயல் மரங்கள் ஏராளம் என்பதை நாம் கண்டோம். சென்னை மண்ணுக்கும் காற்றுக்கும் புன்னை, மகிழம், பூவரசு, நாவல், நீர்மருது, இலுப்பை முதலியவை ஏற்றவை. குழி மூன்றடி ஆழமும் அகலமும் இருக்கட்டும். நடும்போது பாலித்தீன் பையை முழுவதும் கிழித்து எடுங்கள். பைக்குள் வட்டமாகச் சுருண்ட வேர்கள் இருந்தால் அவற்றைப் பிரித்தோ நறுக்கியோ விட வேண்டும். இல்லாவிட்டால் மரம் வளர்ந்த பிறகும் வேர் பரவாமல், அடுத்த புயலில் விழும் முதல் மரமாக அது இருக்கும். நாள்தோறும் மேலாகத் தெளிப்பதைவிட, வாரம் இருமுறை ஆழமாக நனையும்படி ஊற்றினால் வேர் கீழே இறங்கும்.

மரம் வளரும் வரை இடைவெளியில் நொச்சி, ஆவாரை, எருக்கு, கறிவேப்பிலை, வேலியோரம் ஈஸ்வரமூலிக் கொடி ஆகியவற்றை வையுங்கள். எருக்கில் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி முட்டையிடும். ஈஸ்வரமூலியைத் தின்றே சிவப்புடல் அழகி என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் வளர்கின்றன. புழு தின்ற இலையைக் கண்டவுடன் மருந்து அடிக்கக் கூடாது என்பதைக் குழுவினருக்கும் பணியாளருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பள்ளிப் பிள்ளைகளை வரவழைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

தென்சென்னைவாசி

ஒவ்வொருவருக்கும் மனமார்ந்த நன்றி. இந்த இழையை அச்செடுத்துச் சங்கக் கூட்டத்தில் வாசித்தேன். நூறு கன்று நடும் விழாவும் நீரூற்றும் கைவிடப்பட்டன; சுவரோவியம் அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. ஞாயிறு காலை ஆறரை முதல் எட்டரை வரை வேலை நேரம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

பூங்காப் பணியாளரிடம் நானும் இன்னொருவரும் போய்ப் பேசினோம். ஐம்பது வயதைக் கடந்த அம்மா ஒருவர். இலையை எரிப்பது தமக்கும் பிடிக்கவில்லை என்றும், புகையால் தமக்கே இருமல் வருகிறது என்றும், குவிக்க இடம் காட்டினால் நாளை முதலே நிறுத்திவிடுவதாகவும் சொன்னார். கிணற்றடி அருகே கம்பி வலைக்கு ஏற்ற நிழலான மூலையை அவரே காட்டினார். புயலில் தப்பிய மகிழம் ஒன்று புதருக்குப் பின்னால் இருப்பதையும் அவர் சொல்லித்தான் அறிந்தோம்.

பகல் நேரத் திறப்பைப் பற்றி எதிர்ப்பு வலுவாகவே இருக்கிறது. ஆயினும் அடுத்த பகுதி சபையில் அதை முதல் கோரிக்கையாக வைக்க எங்களில் சிலர் உறுதி பூண்டிருக்கிறோம். இது தொடர்பாக வேறு வார்டுகளில் தீர்மானம் நிறைவேற்றிய நண்பர்கள் இருந்தால், அதன் வாசகத்தை இங்கே பகிர்ந்துகொள்ளுங்கள். மண்டல அலுவலகத்தோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்தின் வரைவைச் சட்டம்படித்தவர் ஒருமுறை பார்த்துத் தர இயலுமா?

சட்டம்படித்தவர்

கட்டாயம் பார்க்கிறேன். இரண்டைச் சேர்க்க மறக்காதீர்கள். பணியாளரின் எண்ணிக்கையோ கூலியோ குழுவின் பணியைக் காரணம் காட்டிக் குறைக்கப்படக் கூடாது என்ற விதி ஒன்று. பூங்காவைப் பயன்படுத்த எவருக்கும் தடை விதிக்கும் அதிகாரம் குழுவுக்கு இல்லை என்ற விதி மற்றொன்று. வரைவை இங்கேயே இடுங்கள், மற்றவர்களுக்கும் உதவும்.